மண்ணே ஆவணம்: நியூசிலாந்தின் தொல்தோட்டங்களும் நமது சான்று நோக்கும்

முன்னுரை

நியூசிலாந்து என்றவுடன் தமிழாய்வில் ஈடுபட்டோர் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு மணியே. வில்லியம் கொலென்சோ என்னும் சமயப் பணியாளர், 1836ஆம் ஆண்டளவில், அந்நாட்டின் வடதீவிலுள்ள வாங்கரேய் பகுதியில் மாவோரி மக்களிடம் கண்ட வெண்கல மணி அது. அதில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி எனப் பொருள்படுமாறு அது படிக்கப்பட்டுள்ளது. இன்று அம்மணி வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. ஐரோப்பியருக்கு முன்பே தமிழர் அத்தீவுகளை அடைந்தனர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டும் உரைகளையும் எழுத்துகளையும் நாம் பலமுறை கேட்டும் படித்தும் இருக்கிறோம்.

அதே நாட்டின் மண்ணுக்கடியிலிருந்து வேறொரு வகைச் சான்றும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கிறது. விரைவுச்சாலை, குடியிருப்பு, மிதிவண்டிப் பாதை முதலியவற்றுக்காக நிலம் வெட்டப்படும் இடங்களில் மாவோரி மக்களின் தொல்தோட்டங்களின் தடயங்கள் தெரியவருகின்றன. இவற்றில் எழுத்து இல்லை. கண்ணாடிப் பேழையில் வைக்கத்தக்க பொருளும் பெரும்பாலும் இல்லை. இடம் மாற்றப்பட்ட மண்ணும் சரளைக்கற்களும் கரித்துண்டுகளுமே உள்ளன. இவை பற்றித் தமிழில் எழுதப்பட்டவை, நாம் அறிந்தவரை, மிகச் சிலவே.

இக்கட்டுரை இவ்விருவகைச் சான்றுகளையும் எதிரெதிரே வைத்து நோக்குகிறது. தோட்ட மண் எவ்வாறு சான்றாகிறது என்பதை முதலில் விளக்கி, அச்சான்றை ஏற்கத் தமிழ் ஆய்வு நடையின் கலைச்சொற்கள் போதுமானவையா என்பதை அடுத்து ஆராய்ந்து, எழுத்துள்ள பொருளுக்கே முதன்மை தரும் நமது வழக்கம் எதனை இழக்கச் செய்கிறது என்பதை இறுதியில் சுட்ட முயல்கிறது.

பாதை வெட்டில் வெளிப்படும் மண்

நியூசிலாந்தில் நாடளாவிய மிதிவண்டித் தடத் திட்டம் 2009ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இத்தகைய தடங்களுக்கு ஏற்ற நிலம் சரிவு குறைந்த ஆற்றங்கரை மேட்டு நிலமும் கடலோரச் சமவெளியுமாகும். நீர்வசதியும் நல்ல வடிகாலும் உள்ள இவ்விடங்களையே மாவோரி மக்களும் பயிரிடத் தேர்ந்தனர். எனவே இன்றைய பாதையும் பழைய தோட்டமும் ஒரே நிலத்தில் சந்திப்பதில் வியப்பில்லை. நெல்சன் நகருக்கு அண்மையிலுள்ள வைமேயா சமவெளி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாவோரித் தோட்ட மண்ணுக்குப் பெயர்பெற்ற அச்சமவெளியின் ஊடாக இன்று நீண்ட மிதிவண்டித் தடமொன்று செல்கிறது.

அந்நாட்டுச் சட்டமும் இங்குக் கருதத்தக்கது. 1900ஆம் ஆண்டுக்கு முற்பட்ட மனிதச் செயல்பாட்டோடு தொடர்புடையதாய், தொல்லியல் முறையில் ஆராயத்தக்க சான்றினை உடைய இடம் எதுவாயினும் அது தொல்லியல் இடமாகக் கருதப்படுகிறது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதன்பின் வந்த 2014ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்வரையறையின் அடிப்படை மாறவில்லை. முன்னரே பதிவு செய்யப்படாத இடத்துக்கும் இப்பாதுகாப்பு உண்டு. அதனை மாற்றவோ அழிக்கவோ முன் அனுமதி வேண்டும். ஆகவே, கட்டுமானம் நிகழும் இடத்தில் தொல்லியலாளர் உடனிருந்து மண்ணைக் கவனிப்பது அங்கு வழக்கமான பணியாகிவிட்டது.

இவ்வழியில் கிடைக்கும் சான்றுக்கு ஒரு வலிமையும் ஒரு குறையும் உண்டு. அகழாய்வாளர் தாமே இடம் தேர்ந்தால், சிறப்புமிக்கது என முன்பே கருதிய இடத்தையே தேர்வார். பொறியாளர் வரைந்த கோடோ அத்தகைய முன்முடிவு எதுவுமின்றிச் செல்கிறது. அதனால், எவரும் தேடாத எளிய தோட்ட நிலமும் பதிவு பெறுகிறது. எனினும், பாதை என்பது நீண்டு குறுகிய வெட்டு. தோட்டம் அவ்விடத்தில் இருந்தது என்பதை அது காட்டும். தோட்டத்தின் எல்லை, அதனைப் பயிரிட்டோரின் குடியிருப்பு, அதன் மொத்தப் பரப்பு ஆகியவற்றை அது காட்டாது. ஒரு நூலின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒவ்வொரு வரியை மட்டும் படித்தவரின் நிலை இது. இக்குறையை மறந்து, ஒரு பாதை வெட்டிலிருந்து ஒரு நாட்டின் வேளாண் வரலாற்றையே எழுதப் புகுவது பிழையாகும்.

மனிதர் உண்டாக்கிய மண்

மாவோரி மக்களின் முன்னோர் வெப்பமண்டலப் பொலினீசியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள். தென்னை, வாழை, ஈரப்பலா போன்ற பயிர்கள் நியூசிலாந்தின் குளிரில் நிலைபெறவில்லை. சர்க்கரைவள்ளி, சேம்பு, பெருவள்ளி, சுரை, பட்டையிலிருந்து துணி செய்ய உதவும் காகித மல்பெரி, தீ எனப்படும் இனிப்பு வேர்ச்செடி ஆகிய ஆறுமே அங்கு நிலைத்தன. இவற்றுள் கூமரா என அவர்கள் அழைக்கும் சர்க்கரைவள்ளியே முதன்மை பெற்றது. வெப்பநாட்டில் ஆண்டு முழுதும் வளரும் இக்கொடியை, உறைபனி விழும் நாட்டில் ஒரு பருவத்துக்குள் நட்டு எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த பருவத்துக்கான விதைக்கிழங்கைக் குளிர்காலம் முழுதும் அழுகாமல் காக்கவும் வேண்டியிருந்தது. தொல்தோட்டங்களில் இன்று நாம் காணும் தடயங்கள் பெரும்பாலும் இச்சிக்கலுக்கு அவர்கள் கண்ட விடைகளே எனலாம்.

முதல் விடை மண்ணையே மாற்றுவது. வடதீவின் வைகாட்டோ ஆற்றுப் பகுதியில், மேல்மண்ணுக்கு அடியில் கிடந்த மணலையும் சரளையையும் குழி வெட்டி எடுத்து, பயிரிடும் நிலத்தில் பரப்பினர். மண் எடுத்த குழிகள் இன்றும் மேய்ச்சல் நிலங்களில் பள்ளங்களாகத் தெரிகின்றன. சில தோட்டங்களில் கிண்ணம் போன்ற சிறு குழிகள் ஒழுங்கான வரிசையில் வெட்டப்பட்டு மணலால் நிரப்பப்பட்டுள்ளன. மேல்மண்ணை நீக்கியதும் வெளிர்நிற வட்டங்களாக இவை தோன்றுகின்றன. ஒவ்வொரு வட்டமும் ஒரு செடியின் இடம். வைகாட்டோ விரைவுச்சாலை அமைக்கப்பட்டபோதும் இத்தகைய தோட்ட நிலங்கள் ஆராயப்பட்டன.

இவ்வாறு உண்டான மண்ணை முதலில் அறிந்தோருள் மண்ணியலாரும் அடங்குவர் என்பது குறிப்பிடத்தக்கது. வைமேயா பகுதியின் மாவோரிச் சரளை மண்ணைப் பற்றி ரிக், புரூஸ் ஆகியோர் 1923ஆம் ஆண்டிலேயே பொலினீசியக் கழக ஆய்விதழில் எழுதினர். வைகாட்டோவில் தாமஹேரே என்னும் மண்வகை, மனிதரால் உண்டாக்கப்பட்டது என்ற நிலையிலேயே மண்வரைபடத்தில் தனிப்பெயர் பெற்றது. ஒரு மக்களின் உழைப்பு, இயற்கை மண்வகைகளுக்கு நிகராக வரைபடத்தில் இடம்பெறும் அளவுக்குப் பரந்து கிடந்தது என்பதை இது உணர்த்துகிறது.

சரளை எதற்காக என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. கதிரவனின் வெப்பத்தைச் சேமிக்க என்பர் சிலர். நீர் தேங்காமல் வடிய என்பர் சிலர். களிமண்ணை இளக்கிக் கிழங்கு பருக்க இடந்தர என்பர் வேறு சிலர். இடத்துக்கு இடம் மண்ணும் தட்பவெப்பமும் வேறுபடுவதால், ஒரே செயலுக்கு வெவ்வேறு நோக்கங்கள் இருந்திருக்கக்கூடும் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இரண்டாம் விடை சேமிப்புக் குழி. கூரையிட்டு, வடிகால் அமைத்து, வாயிலை இறுக அடைத்த இக்குழிகள் ருவா எனப்பட்டன. மூன்றாவது, கல் ஒழுங்கு. வடதீவின் தென்முனையிலுள்ள பாலிசர் விரிகுடாவில் 1969 முதல் 1972 வரை ஃபாஸ் லீச், ஹெலன் லீச் ஆகியோர் தலைமையில் நடந்த ஆய்வு, அங்குள்ள நீண்ட கல்வரிசைகள் தோட்ட எல்லைகளே என்பதைத் தெளிவாக்கியது. ஆக்லாந்து நகரின் ஒட்டுவாடாவா கல்வயல்களும் இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றை ஒட்டிய இஹுமாடாவோ நிலத்தில் வீடுகள் கட்ட முயன்றபோது எழுந்த எதிர்ப்பு 2019ஆம் ஆண்டில் பெரிய போராட்டமாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு இறுதியில் அரசே அந்நிலத்தை விலைக்கு வாங்க உடன்பட்டது. தோட்டச் சுவடு என்பது ஆய்வாளரின் தனி ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று.

காலக்கணிப்பும் அதன் திருத்தங்களும்

இத்துறையில் பலரும் முதலில் நாடும் நூல் ஹெலன் லீச் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட, நியூசிலாந்தில் ஆயிரம் ஆண்டுத் தோட்டக்கலை என்னும் பொருள்படும் நூலாகும். தொல்லியல் சான்றையும் தோட்டத்தில் உழைப்பவரின் அறிவையும் இணைத்துப் பார்த்தது அந்நூலின் சிறப்பு. ஆனால் அதன் தலைப்பிலுள்ள ஆயிரம் ஆண்டு என்னும் கணக்கு அன்றைய காலக்கணிப்பை ஒட்டியது. எலி கடித்த விதைகளைக் கொண்டு 2008ஆம் ஆண்டில் வெளியான கதிரியக்கக் கரி ஆய்வு, மனிதக் குடியேற்றத்தை ஏறத்தாழ கி.பி. 1280 என வரையறுத்தது. அதன்பின் வந்த ஆய்வுகளும் பதின்மூன்றாம் நூற்றாண்டையே சுட்டுகின்றன. எனவே, இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுத் தோட்டக்கலையே. தலைப்பின் எண் தளர்ந்தபோதும் நூலின் வாதம் தளரவில்லை. மாறாக, அத்தனை மண் மாற்றமும் முன்பு நினைத்ததைவிடக் குறைந்த காலத்தில் நிகழ்ந்தது என்பதால் அவ்வுழைப்பின் பெருமை கூடுகிறது.

திருத்தங்கள் அத்துடன் நிற்கவில்லை. வடகிழக்குக் கடலிலுள்ள கிரேட் மெர்குரி தீவின் சதுப்புப் படிவுகளில் கிடைத்த மகரந்தத்தைக் கொண்டு 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தொடக்கக் காலத்தில் சேம்பே பயிரிடப்பட்டது, கூமராவின் எழுச்சி 1500க்குப் பின்னரே நிகழ்ந்தது என்ற கருத்தை முன்வைத்தது. ஆனால் தென்தீவில் டனீடனுக்கு அண்மையிலுள்ள பூராகாவுநுய் சேமிப்புக் குழிகளில் கூமரா மாவுத்துகள்கள் கண்டறியப்பட்டு, அக்குழிகளின் காலம் 1430–1460 என 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அவ்விடம், கூமராவின் தென்னெல்லை என முன்பு கருதப்பட்ட இடத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் தெற்கே உள்ளது. தென்தீவின் வடமுனையிலுள்ள டிரையாங்கிள் பிளாட் என்னுமிடத்தில் கிடைத்த கூமராத் துகள்களின் காலம் 1290–1385 என 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆகவே, முதற்குடியேறிகளின் காலத்திலேயே கூமரா சோதித்துப் பார்க்கப்பட்டது என்னும் கருத்து வலுப்பெற்றுள்ளது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. இத்துறையின் ஆய்வாளர் ஒரு முடிவை அறிவிக்கும்போது, எந்தத் துகள், எந்த மண்ணடுக்கு, எந்தக் கால எல்லை என்பவற்றையும் சேர்த்தே அறிவிக்கின்றனர். அதனால் அடுத்தவர் அதனை மறுக்க முடிகிறது. மறுக்கத்தக்கதாக இருப்பதே அம்முடிவின் தகுதி.

தோட்டமா, வேளாண்மையா?

1769ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஜேம்ஸ் குக்கின் என்டவர் கப்பல் அனாவுரா விரிகுடாவை அடைந்தது. அங்குக் கண்ட தோட்டங்களைக் கப்பலின் மருத்துவர் மங்க்ஹவுசும் தாவரவியலார் ஜோசப் பேங்க்சும் வியந்து குறித்துள்ளனர். கூமரா சிறு மேடுகளில் கோடு பிடித்தாற்போல் நடப்பட்டிருந்தது, களைகள் நீக்கப்பட்டிருந்தன, வேலி நெருக்கமாக இருந்தது. விரிகுடா முழுவதிலும் 150 முதல் 200 ஏக்கர் வரை பயிர்நிலம் இருக்கலாம் எனவும், தாம் கண்ட மக்கள் நூறு பேருக்கும் குறைவே எனவும் பேங்க்ஸ் எழுதினார். இத்தனை பரப்பிலும் ஏரும் இல்லை, எருதும் இல்லை. கால்மிதி கட்டிய கோ என்னும் கிண்டுகோலே முதன்மைக் கருவி.

இதனை எப்பெயரால் அழைப்பது? கலைச்சொற்கள் பற்றிய இவ்வினாவை ஹெலன் லீச் 1997ஆம் ஆண்டில் அன்டிக்விட்டி ஆய்விதழில் தனிக்கட்டுரையாகவே எழுப்பினார். தமிழில் இச்சிக்கல் மேலும் கூர்மையானது. திருக்குறளின் 104ஆம் அதிகாரத்துக்குப் பெயர் உழவு. உழுவோரையே பயிரிடுவோர் அனைவருக்கும் பொதுப்பெயராக்கி வழங்குவது நம் மரபு. இம்மரபை அளவுகோலாக்கினால், ஏர் பூட்டாத மாவோரி மக்களின் பயிர்த்தொழில் குறையுடையதாகத் தோன்றும். ‘தொடக்கநிலைத் தோட்டம்’ என்று எழுதி, அதனை வேளாண்மையை நோக்கிச் செல்லும் ஒரு படியாக மட்டும் காட்டும் நடை இவ்வாறுதான் பிறக்கிறது.

ஆனால் நம் மொழியே இதற்கு மாற்று வழியும் தருகிறது. சங்க இலக்கியத்தில் குறிஞ்சிக்குத் தினைப்புனம், முல்லைக்கு வரகு விளையும் கொல்லை, மருதத்துக்குக் கழனியும் வயலும், மனையை ஒட்டிப் படப்பை என நிலமும் உழைப்பும் பயிரும் நோக்கிச் சொற்கள் பிரிந்து நிற்கின்றன. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் முதிராத வடிவம் என்னும் கருத்து அச்சொற்களில் இல்லை. இத்தகைய சொல்வளம் இருந்தும், இன்றைய ஆய்வு நடையில் அனைத்தையும் விவசாயம் என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். மாவோரித் தோட்டத்தைப் புனம் எனலும் பொருந்தாது. காடெரித்துச் சில ஆண்டு விளைத்துப் பின் நீங்கும் நிலத்தையே அச்சொல் பெரிதும் நினைவூட்டுகிறது. அங்கும் காடெரித்துத் திருத்திய நிலம் உண்டு எனினும், கூடை கூடையாகச் சரளை சுமந்து உண்டாக்கிய நிலம் வேறு தன்மையது. ‘ஆக்கிய மண்’, ‘ஆக்கிய மண் தோட்டம்’ என்னும் தொடர்களை நாம் பரிந்துரைக்கிறோம். நிலத்தில் செலுத்தப்பட்ட உழைப்பை அவை முன்னிறுத்துகின்றன.

மணியும் மண்ணும்

இனி, தொடக்கத்தில் சுட்டிய மணிக்குத் திரும்புவோம். மணியிலுள்ள எழுத்து தமிழே, அதில் ஐயமில்லை. ஆயின் அம்மணி எந்த மண்ணடுக்கிலிருந்து கிடைத்தது, யாரால், எப்போது அங்குக் கொண்டுவரப்பட்டது என்பவை பதிவாகவில்லை. காற்றில் சாய்ந்த மரமொன்றின் வேரடியில் கிடைத்ததாக மாவோரி மக்கள் கூறிய செய்தி மட்டுமே உள்ளது. உடைமையாளர் பெயரைத் தரும் ஒரு பொருள், அவ்வுடைமையாளரே அவ்விடம் வந்ததற்குச் சான்றாகாது. கப்பல்கள் கைமாறும்; மணிகளும் கைமாறும். எனவே, அம்மணி தமிழ் முசுலிம் கடலோடிகளின் வணிக வரலாற்றுக்கு மதிப்புமிக்க பொருள் என்பதை முழுமனத்துடன் ஏற்கும் நாம், அதைக் கொண்டு தமிழர் குடியேற்றம் பேசுவதை ஏற்க இயலவில்லை.

மணியைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியை நம் எழுத்துகள் பெரும்பாலும் வேடிக்கைத் துணுக்காகவே சொல்லிச் செல்கின்றன. கொலென்சோ கண்டபோது அது உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. உருளைக்கிழங்கு ஐரோப்பியர் வருகைக்குப் பின் அத்தீவுகளை அடைந்த பயிர். கூமரா பயிரிட்டுப் பழகிய கைகள் அப்புதிய கிழங்கையும் விரைவில் தமதாக்கிக்கொண்டன. ஆகவே, அம்மணிக்கு நாம் அறிந்த ஒரே உறுதியான சூழல் ஒரு மாவோரிக் குடும்பத்தின் அடுப்பே. அவ்வடுப்புக்குக் கிழங்கு தந்தது அவர்களது தோட்டமே. நம் பெயர் எழுதிய பொருளை மட்டும் பார்த்து, அதனைக் கையில் வைத்திருந்த மக்களைப் பாராமல் விட்டது நமது ஆய்வு நோக்கின் குறை என்றே கூற வேண்டும்.

முடிவுரை

மலேசிய மாணவரிடம் மாவோரித் தோட்டம் என்று சொன்னால், அவர் மனத்தில் முதலில் தோன்றுவது இரப்பர்த் தோட்டமாகவே இருக்கும். இந்நாட்டுத் தமிழில் தோட்டம் என்னும் சொல்லுக்கு அப்பொருளே முந்தி நிற்கிறது. வகுப்பறையில் இப்பொருள் வேறுபாட்டை விளக்குவது ஆசிரியரின் முதற்கடமை. அவ்விளக்கம் மற்றொரு வினாவுக்கும் வழி திறக்கும். இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய வடிகால்களும், மலைச்சரிவில் அமைத்த படிவரிசைகளும், மண்ணரிப்பைத் தடுக்கத் தோண்டிய குழிகளும் ஆக்கிய நிலமே. தோட்டப்புறப் பாடல்களையும் சிறுகதைகளையும் புதினங்களையும் நாம் தொகுத்திருக்கிறோம், ஆராய்ந்திருக்கிறோம். அவ்வுழைப்பாளரில் பெரும்பாலோர் தம் கையால் எழுதிவைத்தது மிகக் குறைவு. நிலத்தில் அவர்கள் விட்டுச்சென்றதோ மிகுதி. தோட்டங்கள் குடியிருப்புகளாகவும் சாலைகளாகவும் மாறும்போது அச்சுவடுகள் வரையப்படாமலும் அளக்கப்படாமலும் மறைகின்றன.

ஒரு பாதையின் வெட்டில் தெரியும் சரளையை மாவோரி வழித்தோன்றல்களும் தொல்லியலாளரும் ஆவணமாகப் படிக்கின்றனர். எழுத்து இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்று அவர்கள் கருதவில்லை. தமிழியல் துறைகள் நிலவரைபடம் படிக்கவும், மண்ணடுக்கைக் குறித்துவைக்கவும், முதியோர் நினைவில் உள்ள தோட்டப் பிரிவுகளின் பெயர்களைக் களத்தில் வைத்துப் பதிவு செய்யவும் மாணவரைப் பழக்கினால் நமக்கும் அவ்வழி கூடும். கடல் கடந்த மணியில் நம் எழுத்தைத் தேடிய ஆர்வத்தில் ஒரு பகுதியையேனும், நம் ஊரின் மண்ணில் நம்மவர் கைவேலையைத் தேடச் செலவிடுவோமாக.